ஐந்தாவது அலகு

பேச்சியம்மாள் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியில் புதிய பாடம் எதுவானாலும் அதற்கு ஐந்து அலகு இருக்க வேண்டும். நான்கு அலகோடு வரும் பறவையைப் பாடத்திட்டக் குழு மேசையில் ஏற்றுவதில்லை. ஆறு அலகோடு வந்தால், ஒன்றைக் கழற்றிவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாடத்தின் பெயரை எழுதி விண்ணப்பம் கொடுத்தால் அலுவலகத்தில் ஒரு முட்டை தருவார்கள். ஆசிரியர் அதைத் தன் மேசை இழுப்பறையில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே வைத்துப் பொரிக்க வேண்டும். பாடப்பகுதியை எழுத எழுதப் பறவைக்கு அலகு ஒவ்வொன்றாக முளைக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று முடிவானதும் சிறகில் புள்ளிகள் விழும். பழைய பாடங்களும் தப்ப முடியாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அவை நூற்றுக்கு இருபது இறகை உதிர்த்துப் புதிதாக முளைக்கவைத்துக்கொண்டு வர வேண்டும். குழுவினர் எண்ணிப் பார்ப்பார்கள். சிலர் பழைய இறகுக்கே சாயம் பூசிக் கொண்டுவருவதுண்டு. மழைக்காலக் கூட்டங்களில் அது தெரிந்துவிடும்.

கூட்டம் காலை பதினொரு மணிக்கு. பேச்சியம்மாளின் பறவைக்கு நான்கு அலகுதான் இருந்தது.

அவள் தமிழ்த் துறையில் தற்காலிக விரிவுரையாளர். பெயரில் இருக்கிற பேச்சில் பாதி வாயில் இருந்தால் போதும் என்று துறையில் கேலி செய்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பேருந்தில் 'எறங்கணும்' என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்குவாள். இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை போய், தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டித் திரும்பி நடந்து வருவாள். அப்படி நடந்த மூன்று ஆண்டுகளில், ரோட்டோரம் ஆட்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்வதைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். கூப்பிடு தூரம் என்பவர் எத்தனை மைலைச் சொல்கிறார், இல்லாமல் போன மரத்தை ஏன் இன்னும் அடையாளம் காட்டுகிறார், தெரியாத ஊருக்கும் எப்படி ஒரு கை தானாக நீள்கிறது என்று எல்லாம் அதில் இருந்தது. நோட்டு நிறைந்ததும் 'வழி சொல்லும் தமிழ்' என்று விண்ணப்பம் கொடுத்தாள். முட்டை அன்றைக்கே கிடைத்தது.

பொரிந்து வந்தது மைனா அளவு, கரிசல் மண் நிறம். சிறகில் ஆறு புள்ளி, பொட்டு வைத்ததுபோல் அழகாக விழுந்திருந்தது. முதல் அலகு 'நேரே போதல்'. இரண்டாவது 'சோற்றாங்கையும் பீச்சாங்கையும்'. மூன்றாவது 'அடையாளம்'. நான்காவது 'அங்கே போய்க் கேட்டல்'. நான்கும் ஒரு வாரத்தில் முளைத்துவிட்டன. ஐந்தாவதுதான் வம்பு செய்தது. 'வழிகாட்டிப் பலகைகள்' என்று எழுதிப் பார்த்தாள். மொட்டு விட்டது, தேநீர் இடைவேளைக்குள் உதிர்ந்தது. 'கைப்பேசி வரைபடம்' என்று எழுதினாள். அது முளைக்கும்போதே பின்பக்கம் திரும்பி வாலைப் பார்த்தபடி முளைத்து, வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டது.

அவளுக்கு வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு இருக்க வேண்டும். வருகிற ஆண்டுக்குப் பத்துதான் தேறியிருந்தது. இந்தப் பாடம் ஒப்புதல் பெற்றால் மிச்சம் ஆறு வரும். பெறாவிட்டால் ஜூனில் அவள் வரவேண்டியதில்லை. பறவையின் பாடும் அதுதான். ஒப்புதல் கிடைக்காத பறவைகளைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிடுவார்கள். அவை கூரைக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, யாரும் சேராத வகுப்பை நடத்திக்கொண்டிருக்கும். பேச்சியம்மாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையை நிமிர்த்துவதில்லை.

பத்தரை மணிக்குப் பக்கத்து மேசை ஜெபக்கனி எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி, இன்னுமா முளைக்கல?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் அலமாரியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தாள். போன ஆண்டு நீக்கப்பட்ட அவளுடைய 'கடித இலக்கியம்' பாடத்தின் அலகுகள் அதற்குள் இருந்தன. ஒன்றைத் துடைத்து, பசை தடவி, நான்காவது அலகுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். எல்லாரும் செய்கிறதுதான் என்றும், பயண இலக்கியத்தின் இரண்டு அலகு நாட்டுப்புறவியலில் இருந்து வந்தது என்றும், யார் கண்டுபிடித்தார்கள் என்றும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்வது பேச்சியம்மாளுக்கு 'எறங்கணும்' என்று சொல்வதைவிடக் கடினம். ஒட்டிய அலகு திறந்து, "நலம், நலமறிய ஆவல்" என்றது.

பதினொரு மணிக்குப் பேச்சியம்மாள் பறவையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஜெபக்கனியோடு கருத்தரங்கக் கூடத்துக்குப் போனாள். இதயம் புடவைக்கு வெளியே தெரிகிற மாதிரி அடித்தது. பறவைக்கும் அப்படித்தான், இருவருக்கும் ஒரே தாளம்.

தலைமையில் துறைத்தலைவர் தங்கபுஷ்பம் அம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, ஒன்று இரண்டு என்று ஐந்து வரை எண்ணித் தலையாட்டினார். அவருக்குப் பக்கத்தில் தொழில்துறை உறுப்பினர் வெள்ளைச்சாமி. கடலைமிட்டாய்க் கம்பெனி வைத்திருப்பவர். எந்தக் கூட்டத்துக்கும் ஒரு பை வறுத்த கடலையோடுதான் வருவார். அவருடைய சோதனை எளிமையானது. அலகுக்கு ஒரு கடலை. ஐந்தை எண்ணி மேசையில் தயாராக வைத்தார்.

"தின்னாத்தான் அலகு. தின்னாட்டி அலங்காரம்" என்றார்.

ஜெபக்கனி தலைகுனிந்து புடவைத் தலைப்பில் நூல் பிரித்தாள்.

கூட்டம் தொடங்கவில்லை. பல்கலைக்கழகப் பிரதிநிதி முனைவர் சங்கரநயினார் இன்னும் வரவில்லை. அவர் இல்லாமல் குழு கூட முடியாது. ஒப்புதல் பெற்ற பாடங்களின் பட்டியல் ஐந்து மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பதினொன்று இருபதுக்கு அவரே போனில் கூப்பிட்டார். பேருந்தில் வந்தவர் வேறெங்கோ இறங்கிவிட்டாராம். எங்கே என்று தெரியவில்லையாம்.

தங்கபுஷ்பம் அம்மா போனை மேசையில் வைத்து, பறவையின் பக்கம் தள்ளினார்.

"வழி சொல்லத்தான பாடம்? சொல்லட்டும்."

பறவை சிறகை ஒருமுறை உதறிக்கொண்டது. முதல் அலகு திறந்தது. "நேரா வாங்க. நேரான்னா ரோடு போற போக்குல." போனில் செருப்புச் சத்தம் கேட்டது. முனைவர் நடந்தார். கால் மணி நேரம் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச்சாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "பீச்சாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றது இரண்டாவது. செருப்பு திரும்பியது. "முன்னால ஒரு ஒத்தப் பனை நின்னுச்சு. இப்ப இல்ல. அந்த எடத்துல நில்லுங்க" என்றது மூன்றாவது. பனை இல்லாத இடம் அங்கே நிறைய இருப்பதாகவும், அதில் பனை நின்றிருக்கக்கூடிய ஒன்றாகப் பார்த்து நிற்பதாகவும் முனைவர் சொன்னார். பேச்சியம்மாளின் நோட்டு ஒரு மனிதரை நடத்திக்கொண்டிருந்தது.

"அங்க யாரையாவது கேட்டா சொல்லுவாங்க" என்றது நான்காவது.

யாரும் இல்லை என்றார் முனைவர். பருத்திக்காடும் ஓர் ஆடும்தான். இனி எப்படி வருவது என்று கேட்டார்.

ஐந்தாவது அலகு திறந்தது. "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" என்றது.

முனைவர் மரியாதை தெரிந்தவர். கடிதம் முடிந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார். பசை விட்டு, அலகு மேசையில் விழுந்து உருண்டு, கடலைகளுக்கு நடுவே போய் நின்றது. தங்கபுஷ்பம் அம்மா அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார்.

"இது கடித இலக்கியம்லா" என்றார்.

ஜெபக்கனி மின்விசிறியைப் பார்த்தாள். வெள்ளைச்சாமி ஒரு கடலையை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டார். பேச்சியம்மாளுக்குப் பேருந்து நிலையத்தின் கூரைக் கம்பி, அதில் ஒரு சின்ன இடைவெளி உட்பட, கண் முன்னால் தெரிந்தது.

போன் மறுபடி அடித்தது. முனைவர்தான். "சொல்லுங்க. இனி எப்படி?" என்றார். நான்கு அலகும் மூடியிருந்தன. போனுக்குள் காற்று அடிப்பது கேட்டது. ஆடு ஒருமுறை கத்தியது.

நோட்டில் எழுதியதெல்லாம் பேச்சியம்மாளுக்கு வரிசையாக ஓடியது. வழி தெரியாத எவரும் தெரியாது என்று சொன்னதில்லை. எல்லாரும் ஏதோ ஒரு பக்கம் கையை நீட்டியிருக்கிறார்கள். நீட்டிய பக்கமெல்லாம் யாராவது நடந்திருக்கிறார்கள். அவள் தொண்டையைச் செருமினாள். அதுவே அந்தக் கூடத்துக்குப் புதிய சத்தம். பிறகு போனை நோக்கிக் குனிந்தாள்.

"எனக்கும் தெரியல ஐயா. நீங்க அங்கயே நில்லுங்க. நான் வாறேன்."

மூன்று ஆண்டில் அவள் துறையில் பேசியதிலேயே அதுதான் நீளமானது. அவள் நிமிர்ந்தபோது, பசை இருந்த இடத்தில் சின்னதாய், ஈரமாய், மஞ்சளாய் ஓர் அலகு முளைத்திருந்தது. அது திறந்து, கொஞ்சம் திக்கி, "வாறேன்" என்றது.

அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. வெள்ளைச்சாமி கடலைமிட்டாய் வேனைப் படிக்கட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். தங்கபுஷ்பம் அம்மா கூட்டக் குறிப்பேட்டோடு பின்னால் ஏறி, மிட்டாய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஜெபக்கனி பவுடர் டப்பாவை அலமாரியில் பூட்டிவிட்டு ஓடிவந்து ஏறினாள். பேச்சியம்மாள் முன்னால், பறவை அவள் மடியில். வேன் கிளம்பிய வேகத்தில் பறவையின் இறகெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அது ஐந்து வாயாலும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே வந்தது. வெள்ளைச்சாமி அதற்கு ஐந்து தடவை 'சரிங்க' சொன்னார்.

வழி யாருக்கும் தெரியாது. ஆகவே கேட்க வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரம் பேச்சியம்மாள். முதல் ஆளிடம் கேட்டு முடிப்பதற்குள் வேன் அவரைத் தாண்டிவிட்டது. இரண்டாவது ஆளிடம் பாதி வார்த்தை வந்தது. ஒன்பதாவது ஆளிடம் அவள் தலையையே வெளியே நீட்டி, பனை இல்லாத இடத்தில் ஒருவர் ஆட்டோடு நிற்கிறாரா என்று கேட்டாள். எந்தப் பனை என்று அவர் கேட்டார். எது இல்லையோ அது என்றாள். அப்படியென்றால் தெற்கே என்றார் அவர். பதினேழாவது ஆள் சைக்கிளிலிருந்து இறங்கி, தானே முன்னால் போய்க் காட்டிவிட்டுத் திரும்பினார். அவர் போவதைப் பார்த்து ஐந்தாவது அலகு மட்டும் திறந்து மூடியது.

இரண்டரை மணிக்கு முனைவர் சங்கரநயினார் கிடைத்தார். சொன்ன இடத்திலேயே, தோள்பையோடு, ஓர் அடிகூட நகராமல் நின்றிருந்தார். ஆடும் நகரவில்லை. பேச்சியம்மாள் இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"கண்டக்டர்ட்ட எறங்கணும்னு சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் அவர்.

"தெரியும் ஐயா" என்றாள்.

கூட்டம் அங்கேயே நடந்தது. மிட்டாய்ப் பெட்டிதான் மேசை. வெள்ளைச்சாமி ஐந்து கடலையை வரிசையாக வைத்தார். நான்கு அலகும் நான்கைத் தின்றன. ஐந்தாவது தன் கடலையை உடைத்து, ஒரு பருப்பைத் தான் தின்று, மறு பருப்பைக் கொண்டுபோய் முனைவரின் உள்ளங்கையில் வைத்தது. வெள்ளைச்சாமி தன் குறிப்பில் 'வேலைவாய்ப்பு உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய வேன்களில் பாதி வாரக்கணக்கில் ஊர் திரும்பாமல் இருந்தன. முனைவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். ஐந்தாம் அலகின் தலைப்பு 'கூட வருதல்' என்று இருக்கட்டும் என்றார். பார்வை நூல்கள் எங்கே என்று கேட்டார். பேச்சியம்மாள் வழியில் கேட்ட பதினேழு பேரையும் சொன்னாள். முனைவர் சைக்கிள்காரரை முதலில் போடச்சொன்னார்.

ஒப்புதல் மூன்றேகாலுக்கு முடிந்தது. பறவை வேன் கூரையில் ஏறி, காடு முழுவதும் கேட்கும்படி எல்லாத் திசைக்கும் வழி சொன்னது.

கையெழுத்துப் போடும்போதுதான் முனைவர் குறிப்பேட்டின் முதல் வரியைக் கவனித்தார். 'இக்கூட்டம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் நடைபெற்றது' என்று அதில் அச்சடித்திருந்தது. அச்சடித்ததை அடிக்கக் கூடாது. பேனாவை மூடிவைத்தார். தங்கபுஷ்பம் அம்மா அது நியாயம்தான் என்று சொல்லிவிட்டு, அலுவலகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். எல்லாரும் வேன் நிழலில் உட்கார்ந்து மிச்சக் கடலையைத் தின்றார்கள்.

நாலரைக்குக் கல்லூரியே வந்து சேர்ந்தது. பருத்தியை மிதிக்காமல் வரப்போரமாகவே வந்து, கருத்தரங்கக் கூடம் மிட்டாய்ப் பெட்டிக்கு நேர் மேலே வரும்படி பார்த்து நின்றது. முதல் மாடியில் கணிதத் துறைக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கூடுதல் தாள் கேட்டு ஒரு மாணவி கையை உயர்த்தினாள். முனைவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பேச்சியம்மாள் பட்டியலை எடுத்துக்கொண்டு அலுவலக ஜன்னலுக்குப் போனாள். ஐந்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ஏன் இவ்வளவு நேரம் என்று தங்கபுஷ்பம் அம்மா கேட்டார். வாட்ச்மேன் மாடசாமி கேட்டைத் திறந்தபடி, ஒத்தப் பனைக்குப் பக்கத்தில் வந்து கொஞ்சம் குழம்பிவிட்டதாகவும், இரண்டு இடத்தில் வழி கேட்க வேண்டியிருந்ததாகவும் சொன்னார்.

"நீரா கேட்டீரு?"

"எனக்குக் கூச்சம்லாம்மா. கல்லூரிதான் கேட்டுச்சு."