யாருடைய கட்டி

அடுத்த திங்கட்கிழமை லென் ஃப்ரோஹாக்குக்குப் புது மருந்து ஏற்றுவதாக ஏற்பாடு. செவ்வாய் காலையில் இமொஜென் அவருடைய சோதனை முடிவுகளை மூன்றாவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை இதுதான்: உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்தவரின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு, அதே ஆளின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம். இரண்டின் மரபணுக்களையும் படித்து, ரத்தத்தில் இருப்பதைக் கழித்தால், மிச்சம் நிற்பது கட்டி செய்த அட்டூழியம். அதை வைத்துத்தான் எந்த மருந்து கேட்கும் என்று சொல்வார்கள். லென்னின் கட்டிக்கு ஒரு மருந்து கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஆனால் கழித்துப் பார்த்தால், ஒரே ஆளுடையவை போலவே இல்லாமல், மிச்சம் மலையாகக் குவிகிறது. போதாக்குறைக்கு, கட்டி ஆணுடையது, ரத்தம் பெண்ணுடையது.

மாதிரிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியவள் அவள்தான். ரத்தம் மாறியிருந்தால் கட்டி மட்டும் மாறவில்லை என்று எவன் சொன்னான்? வேறொருவர் கட்டிக்கான மருந்தை ஏற்றினால் அந்த மனிதருக்கு இருக்கிற கொஞ்ச நாளும் பாழ். இத்தனை வருடம் படித்துவிட்டு ஒரு சீட்டு ஒட்டத் துப்பில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"இப்படியே உட்கார்ந்து நகத்தைக் கடிச்சா ஆச்சா? வரச்சொல்லி மறுபடி ரத்தம் எடுப்போம்" என்றாள் நர்ஸ் டான்.

மறுநாள் லென்னைக் காரில் ஏற்றிவந்தவள் அவர் அக்கா பாலின். லென் பீட்ரூட் வயலில் காலம் தள்ளிய மனிதர், அறுபது வயது. இமொஜென் பக்கத்திலேயே நின்று ரத்தம் எடுக்க வைத்தாள். ஆணா பெண்ணா என்ற சோதனையை மட்டும் உடனே போட்டுப் பார்த்தாள். மறுபடியும் பெண்.

கேன்டீனுக்கு ஓடினாள். லென் கஸ்டர்டைச் சின்னச் சின்ன வாயாக விழுங்கிக்கொண்டிருந்தார். வேறெதுவும் இறங்குவதில்லை.

"மிஸ்டர் ஃப்ரோஹாக், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரத்தம் பொம்பளை ரத்தமா இருக்கு."

"அது நம்ம பாலினோடதா இருக்கும் கண்ணு" என்றார் அவர், மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "எனக்கு முப்பது வயசுல ரத்தப் புற்றுநோய் வந்துச்சு. லண்டன்ல அக்காவோட எலும்பு மஜ்ஜையை எடுத்து எனக்கு வெச்சாங்க. அப்போலேருந்து உடம்புல ஊறுறதெல்லாம் அவ ரத்தம்தான்."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"நீங்க முழுங்கறதைப் பத்தித்தானே கேட்டீங்க. பழைய கதையைச் சொல்லி எதுக்கு உங்களைத் தொந்தரவு பண்ணணும்?"

"இவன் இப்படித்தான்" என்றாள் பாலின். "வீடு பத்திக்கிட்டாலும் அடுத்தவங்க டீ குடிச்சு முடிக்கட்டும்னு காத்திருப்பான்."

இமொஜெனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பாடா, அவள் எதையும் மாற்றவில்லை. மஜ்ஜை மாறினாலும் லென்னின் தோல் அவருடையதுதான்; அதில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை அது கட்டியோடு அப்படியே பொருந்தியது. மருந்து சரிதான், திங்கட்கிழமையும் சரிதான். தொலைபேசியில் சொன்னபோது எடுத்தவள் பாலின்.

"நல்லது" என்றாள். அப்புறம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பாலின், இருக்கீங்களா?"

"ஒண்ணு கேக்கணும். திட்டாதீங்க." குரல் அவளுடையதாகவே இல்லை. "இவனுக்கு இது வந்ததிலிருந்து மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. நான் கொடுத்ததுல ஏதாவது கெட்டது இருந்து, அதுதான் இப்படிக் கட்டியா வந்துடுச்சோன்னு. அவன்கிட்ட கேக்கவும் முடியலை."

இமொஜென் திரையைப் பார்த்தாள். செவ்வாயன்று அவளை உலுக்கி எடுத்த, கட்டிக்கும் ரத்தத்துக்கும் இடையிலான அதே பொருத்தமின்மைதான் அங்கே இருந்தது.

"கட்டி முழுக்க அவரோடதுதான் பாலின். அது உங்ககிட்டேருந்து வரலை. அதுல எங்க பார்த்தாலும் அவரோட மரபணுதான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, ரிசீவரைப் பொத்தாமலே, பாலின் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள்.

"டேய் லென், அது உன்னோடதுதானாம்டா. என் மேல தப்பு ஒண்ணுமில்லையாம்."