ஒரு நாளைக்கு ஒரு சுற்று

உக்கிரபாண்டி வீட்டுக் கம்ப்யூட்டரைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவன் நான். பெட்டியைப் பிரித்து, போர்டை உட்கார்த்தி, வயர்களைச் செருகி, விண்டோஸ் ஏற்றி, கடைசியில் அந்த விளையாட்டையும் ஏற்றியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு, "அவன் வீட்டு மிஷினில் ஓசியில் விளையாடப் போனவன்தானே நீ" என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இரண்டாயிரத்து ஐந்தில் நடந்தது இது. சாயல்குடிக்கு வடக்கே, மிளகாயும் பருத்தியும் போடுகிற ஊர் எங்களுடையது. பாண்டியின் குடும்பத்துக்கு அங்கே நிலம் இருந்தது. எங்கள் குடும்பத்துக்கு அந்த நிலத்தில் வேலை இருந்தது. என் அய்யா கூத்தையா அவர்கள் காட்டில் உழுது விதைத்துத்தான் என்னை ராமநாதபுரத்தில் டிப்ளமோ படிக்க வைத்தார். பாண்டியும் அதே வகுப்பு. சாயல்குடிச் செய்யதும் அதே வகுப்பு. மூன்று வருடம் மூவரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பரோட்டாப் பொட்டலத்தைப் பிய்த்துத் தின்றவர்கள். படிப்பு முடிந்ததும் சாயல்குடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். செய்யது அவன் வாப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தான். பாண்டி வேலைக்கு எங்கும் போகவில்லை. கம்ப்யூட்டர் வாங்கினான்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு ஒரு நாடு. தன் முறை வந்தவன் உட்கார்ந்து ஊர் கட்டுவான், படை நகர்த்துவான், முடிந்ததும் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்திருப்பான். திரையில் அடுத்தவன் பெயர் வரும். அவன் உட்காருவான். ஒருவன் நாட்டை இன்னொருவன் பார்க்கக் கூடாது. பார்த்தால் படை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துபோகும். அதனால் ஒருவன் ஆடும்போது மற்ற இருவரும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

இதற்கு மேல் பாண்டி இரண்டு சட்டம் போட்டான். ஒரு நாளைக்கு ஒரு சுற்றுதான். முதலில் அவன், அப்புறம் செய்யது, கடைசியில் நான்.

"நான் ஏண்டா கடைசி?" என்று கேட்டேன்.

"கடைசி ஆளுக்குத்தான்டா லாபம். நாங்க ரெண்டு பேரும் நகத்தினதப் பாத்துட்டு நீ நகத்தலாம்ல" என்றான்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இன்னும் சொல்லப்போனால், எனக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குப் போவேன். என் முறை வரும்வரை மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நிற்பேன். செய்யது வீட்டுக்குள்ளே பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பான். அதையும் நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் முதல் வாரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து நான் மாட்டிக்கொண்டேன். "இவன் கள்ளன், இவனைத் தூரமா நிறுத்து" என்று இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் திருட்டுப் புத்திக்குத்தான் இந்தத் தண்டனை என்று நான்கு மாதம் மரத்தடியில் கொசுக்கடி வாங்கினேன். இருட்டுகிற நேரத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். ஆடி முடித்து அப்படியே வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஆனால் நன்றாக ஆடினேன். புரட்டாசி முடிவதற்குள் பாண்டியின் தலைநகரை மூன்று பக்கமும் வளைத்துவிட்டேன். இன்னும் இரண்டே சுற்று. அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. விளையாட்டின் வரைபடம் பெரிதாகிவிட்டதால் கம்ப்யூட்டர் திணறியது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடையிலிருந்து ஒரு பழைய ரேம் கொண்டுபோய், பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, உள்ளே மாட்டினேன். பக்கவாட்டு மூடியைத் தானே மூடிக்கொள்வதாகப் பாண்டி சொன்னான். நான் கிளம்பிவிட்டேன்.

பூஜை முடிந்த மறுநாள் பாண்டி டிவிஎஸ் ஃபிப்டியில் சிபியுவையும் கீபோர்டையும் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"எங்கம்மா ஆயுத பூசைக்குன்னு கம்ப்யூட்டரக் கழுவிருச்சுடா. சுவிட்சப் போட்டேன். டப்புன்னு ஒரு சத்தம். ஒரே பொகை."

கடை முழுக்கச் சிரிப்பு. "டிராக்டரக் கழுவுறாக, பம்புசெட்டக் கழுவுறாக, இதுமட்டும் என்ன பாவம் பண்ணுச்சு" என்று முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. சாமானை வைத்துவிட்டு உடனே போய்விட்டான்.

பவர் சப்ளை எரிந்திருந்தது; வேறொன்று மாட்டினேன். போர்டைக் கழற்றி ஃபேன் காற்றில் ஒரு நாள் காயவைத்தேன். உயிர் வந்தது. ஹார்ட் டிஸ்க் பிழைத்துக்கொண்டது. எங்கள் ஆட்டமும் அதில் பத்திரமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கீபோர்டையும் சுத்தம் செய்து கொடுப்போம் என்று திருகுகளைக் கழற்றினேன்.

உள்ளே ஒரே மஞ்சள். ஒரு நாள் ஊற்றிய மஞ்சள் இல்லை. குழம்புச் சட்டியில் அடிப்பிடித்தது மாதிரி, காய்ந்த பற்றுக்கு மேல் பற்றாக, ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஏறியிருந்தது. கடைசி நாள் பட்டது மட்டும் ஈரம் காயாமல் ஓரமாக வழிந்திருந்தது. பூஜைக்கு ஒரு தடவை கழுவினால் இத்தனை பற்று எப்படி வரும்?

எனக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் சூடாகும். அப்போது சூடாகியது. எங்கள் ஆட்கள் தொட்ட இடத்தில் அந்த வீடுகளில் தீட்டு என்று மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? வேலைக்கு என்றால் உள்ளே வரலாம், தரையில் உட்காரலாம். கம்ப்யூட்டர் பூட்டிய அன்றைக்கு நானும் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லாமல், சமமாக நாற்காலியில் உட்காருவது வேறு. அதெல்லாம் அய்யா காலத்தோடு போயிற்று என்று நானாக நினைத்துக்கொண்டேன். டிப்ளமோ படித்த முட்டாள்.

செய்யதுக்கு போன் போட்டேன். "நீ ஆட உக்காரும்போது நாற்காலி ஈரமா இருக்குமா?"

"இல்லையே. எனக்கு முன்னாடி பாண்டிதான உக்காந்திருப்பான். ஏன் நாகு?"

"எனக்குப் பெறகு உக்காருறவுகளுக்கு?"

"ஒனக்குப் பெறகு யாரு உக்காந்தா? அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சிரும்ல" என்றான்.

அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. கடைசியில் நான். இரண்டு சட்டமும் எதற்கென்று விளங்கிவிட்டது. "சாயங்காலம் பாண்டி வீட்டுக்கு வா" என்று சொல்லி போனை வைத்தேன்.

சிபியுவையும் கீபோர்டையும் சுமந்துகொண்டு போனேன். பாண்டியின் அய்யா மிளகாய்க் கமிஷன் கடைக்குப் போயிருந்தார். அவன் அம்மா இருளம்மாள் முற்றத்தில் இருந்தார். "வந்துட்டியாலே நாகு, சரியாப்போச்சா?" என்று நல்லபடியாகத்தான் கேட்டார். நான் அறைக்குள் போய், தரையில் உட்கார்ந்து வயர்களைச் செருகினேன். பாண்டி கட்டிலில் இருந்தான். செய்யது கதவு நிலையில் சாய்ந்து நின்றான். இருளம்மாளும் பார்க்க வந்தார்.

"ஆத்தா, இதப் பூசைக்கா கழுவுனீக?" என்று கேட்டேன்.

"பூசைக்கு எதுக்குலே கழுவுறேன்? பொட்டு வச்சாப் போதாதா? நீ உக்காந்து எந்திரிச்சா நாற்காலியையும் இந்தப் பலகையையும் மஞ்சத்தண்ணியில துணிய முக்கித் தொடைப்பேன். அன்னிக்கு நீ பொட்டிக்குள்ளயே கைய விட்டுட்டுப் போனியாம்ல. அதான் உள்ளயும் ஒரு செம்பு ஊத்துனேன். அது இப்படி வெடிக்கும்னு யாரு கண்டா?"

அரிசி களைவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். குரலில் துளி வெறுப்பு இல்லை. வெறுப்போடு சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அம்மா, நீ அங்கிட்டுப் போ" என்றான் பாண்டி.

"தெனமுமா தொடைப்பீக?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"தெனமுந்தான். பாண்டிதான் ரோசன சொன்னான். அவனக் கடைசியா ஆடவிடுறேன்மா, ஒருக்கத் தொடச்சாப் போதும்னான். எனக்கு வேல மிச்சம்" என்றார் அவர்.

நான் பாண்டியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"நெசமாடா?"

"அது பழைய ஆளுடா. அதுக்கிட்டப் போயி என்னத்தப் பேச? ஒன்னைய உள்ள விடணும்னுதான்டா அப்படிச் செஞ்சேன். இல்லாட்டி நீ ஆடவே முடியாது."

எனக்கு உபகாரம் செய்தானாம். அவன் அம்மாவை மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் மறைக்கவில்லை. இவன் மறைத்தான். என்னோடு ஒரே பொட்டலத்தில் தின்ற கையால் எனக்கு ஒரு வரிசை போட்டு, அதை விளையாட்டின் சட்டம் என்று சொல்லி, லாபம் என்று வேறு சொல்லி என்னை நம்பவைத்தான். நான்கு மாதம் ஒவ்வொரு நாளும் நான் வாசலைத் தாண்டியதும் அவன் அம்மா துணியை நனைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

சுவிட்சைப் போட்டேன். விளையாட்டைத் திறந்தேன். விட்ட இடத்தில் ஆட்டம் நின்றது. என் படைகள் அவன் தலைநகரைச் சுற்றி நின்றன. அந்த ஆட்டத்தில் வரிசையை மாற்ற முடியாது. அதில் நான் ஜெயித்தாலும் கடைசி ஆளாகத்தான் ஜெயிக்க வேண்டும். அதை அழித்தேன்.

"நாகு, என்னடா செய்யுற? ஜெயிக்கப் போறடா!" என்று செய்யது பதறினான்.

புது ஆட்டம் போட்டேன். முதல் பெயர் நாகநாதன். இரண்டாவது உக்கிரபாண்டி. மூன்றாவது செய்யது. எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டு, இருளம்மாள் பார்க்க, அதில் உட்கார்ந்தேன். கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. அந்த நேரத்தில் என் அய்யா அவர்கள் காட்டில் விதைத்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்ல இந்த வீட்டுக்கு ஒரு நிமிடம் போதும். தெரிந்தும் உட்கார்ந்தேன். அன்றைக்கு அங்கே முதல் ஆளாக உட்காராவிட்டால் அதற்கப்புறம் எங்கேயும் என்னால் நிமிர்ந்து உட்கார முடியாது என்று தோன்றியது.

முதல் முறைக்குப் பெரிய வேலை இல்லை, ஒளித்துவைக்கவும் எதுவும் இல்லை. ஓர் ஊரை நட்டேன். பொத்தானை அமுக்கினேன். திரையில் 'உக்கிரபாண்டி' என்று வந்தது. எழுந்தேன்.

"ம். ஒன்னோட டர்ன்."

"இருலே, தொடச்சுர்றேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டு இருளம்மாள் உள்ளே போய், சொட்டச் சொட்டத் துணியோடு வந்தார்.

"ஆத்தா, இன்னொருக்கத் தண்ணி பட்டா மொத்தமும் போயிரும். இனிமே நான் ரிப்பேர் பாக்க மாட்டேன்" என்றேன். "நாற்காலியத் தொடைக்கணும்னாலும் ஒங்க மகனக் கேட்டுத் தொடைங்க. இங்கன, எனக்கு முன்னாடி, அவன் வாயால சொல்லட்டும்."

அவர் மகனைப் பார்த்தார். துணியிலிருந்து மஞ்சள் தண்ணீர் தரையில் சொட்டியது. பாண்டி துடைக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"செய்யது, நீ மொதல்ல ஆடுறியாடா?" என்றான்.

"எம்பேரு மூணாவதா இருக்கு மாப்ள. ஒம்பேருதான் நிக்கிது. நீ உக்காரு" என்றான் செய்யது. நான்கு மாதம் உள்ளே உட்கார்ந்து காபி குடித்தவன், அன்றைக்கு அதை மட்டும் சரியாகச் சொன்னான்.

பாண்டி எழுந்து வந்தான். நாற்காலிக்கு முன்னால் நின்றான். பிறகு அதை முழங்காலால் மெதுவாக ஓரம் தள்ளிவிட்டு, மேஜைக்கு முன்னால் குனிந்து, நின்றபடியே மவுஸைப் பிடித்தான். ஆறடி ஆள். முதுகு வில்லாக வளைந்திருந்தது. நாற்காலி பக்கத்திலேயே காலியாக இருந்தது.

அவனை அடிக்கத்தான் எனக்குக் கை வந்தது. அடித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாகப் போயிருக்கும். ஊர் கூடியிருக்கும், எங்கள் தெருவின் மேல் பழி வந்திருக்கும், அவன் கட்டிலில் போய்ப் படுத்திருப்பான். நான் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்கும் வாரேன் பாண்டி. நாளான்னைக்கும் வாரேன். ஒரு நாளைக்கு ஒரு சுத்து. மொதல்ல நான்" என்றேன்.

அவன் திரையைவிட்டுத் திரும்பவில்லை.

"ஒன் வீட்டுல நீ எத்தன நாளைக்கு நின்னுக்கிட்டே ஆடுறன்னு பாக்குறேன்."