ஆயிரம் அடிக்குக் கீழே என்ன இருக்கிறது

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதழ் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார்: "கோடை லீவுக்கு அறிவியல் கதை, சாகசக் கதைன்னு பத்துப் புத்தகம் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி போதும்." நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். முதல் புத்தகத்துக்கு எழுதியது இது:

'இந்நூல் உங்கள் பிள்ளைகளின் கற்பனைச் சிறகுகளை

அங்கேயே நின்றுவிட்டேன். சிறகுகளை என்ன செய்யும்? விரிக்கும். எல்லாப் புத்தகமும் அதைத்தான் செய்கிறது, பரிந்துரைப் பட்டியல்களில். அலுப்பாக இருந்தது. ஒரு பிள்ளையிடம் 'இதைப் படி' என்று சொன்ன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று யாரும் பின்னாலேயே போய்ப் பார்ப்பதில்லை. அப்படிப் போய்ப் பார்க்க நேர்ந்த ஒருத்தியை எழுதலாம் என்று தோன்றியது. கமலவேணி என்று பெயர் வைத்தேன்.

தொடக்கம், முதல் முயற்சி: 'கமலவேணி சிறுவயதிலிருந்தே ஒரு புத்தகப் புழு.' (வேண்டாம். புழுவிலிருந்து தொடங்கினால் சிறகில்தான் போய் முடியும்.)

இரண்டாவது முயற்சி: 'கமலவேணிக்குக் கால் வலித்தது.'

இது இருக்கட்டும்.

2

கமலவேணிக்குக் கால் வலித்தது. திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் சாலையில் உள்ள ஒரு விடுதிப் பள்ளியில் அவள் நூலகர். ஐம்பதைத் தாண்டிவிட்டவள். காலையில் பேருந்தில் நின்றபடியே வருவாள். வந்ததும் தேர்வறையில் நிற்க வைத்துவிடுவார்கள். நூலகருக்கு என்ன வேலை, சும்மாதானே இருக்கிறாள் என்பது அங்கே எல்லோருடைய நினைப்பு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நூலக வகுப்பே கிடையாது. அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் வாரா வாரம் நூலக வாசல் பலகையில் ஒரு புத்தகத்தின் பெயரை எழுதி, அடியில் ஒரே ஒரு வரி சேர்ப்பாள். 'இதில் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மாட்டுச்சந்தை நடக்கிறது.' 'இந்தத் தீவில் யாருக்கும் பெயர் கிடையாது.' அவ்வளவுதான். (எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமை.)

யுவஸ்ரீ ஒன்பதாம் வகுப்பு, விடுதிப் பிள்ளை. ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து வரும்போது பலகையைப் படித்தாள். 'பாறைக்கு அடியில் ஒரு கடல் இருக்கிறது. துளை போட்டுக்கொண்டே ஒரு பெண் அங்கே போய்ச் சேர்கிறாள்.' நேரே உள்ளே வந்துவிட்டாள்.

"மிஸ், எங்கப்பாவும் துளை போடறவருதானுங்க. போர் போடற ரிக் வண்டீல டிரில்லரு."

ஒன்பதாம் வகுப்புக்குக் கதைப் புத்தகம் தரக்கூடாது என்பது வாய்மொழி உத்தரவு. கமலவேணி ஒரு கணம் உத்தரவுக்கும் மனசாட்சிக்கும் நடுவே தவித்தாள் என்று

இல்லை. தவிக்கவெல்லாம் இல்லை. பிள்ளை கேட்டாள், இவள் கொடுத்தாள்.

சில நாட்களில் யுவஸ்ரீ புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "எங்கப்பா ஆயிரம் அடி வரைக்கும் போவாருங்க மிஸ். அதுக்கும் கீழ என்ன இருக்குதுங்க?"

மணி அடித்துவிட்டிருந்தது. கமலவேணி இரண்டு கையிலும் விடைத்தாள் கட்டோடு நின்றாள். "எனக்கென்ன தெரியும் சாமி. உங்கப்பாகிட்டயே போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுத் தேர்வறைக்கு நடந்தாள்.

மறுநாள் காலை, விடுதியிலிருந்து பள்ளிக்குச் சாலையைக் கடக்கும் வரிசையில் யுவஸ்ரீ இருந்தாள். வகுப்பில் இல்லை.

3

இந்த இடத்தில் பள்ளியின் தாளாளரை வில்லனாக்கப் பார்த்தேன். 'மோதிரங்கள் மின்னும் விரல்களால் மேசையைத் தட்டி அவர் உறுமினார்' என்று எழுதி, அடித்தேன். ஒரு பெண்பிள்ளையைக் காணவில்லை என்று காவல்நிலையத்துக்குப் போன் செய்துகொண்டிருந்த மனிதர் அவர். எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தினார்.

யுவஸ்ரீயின் அம்மா வசந்தாமணி, வேலை செய்யும் தறிப்பட்டறையிலிருந்து அப்படியே ஸ்கூட்டியில் வந்திருந்தாள். தலையில் பஞ்சுத்தூசி. விடுதிப் பிள்ளைகளை விசாரித்ததில், "ரெண்டு மூணு நாளா அந்தக் கதைப் புத்தகத்தப் பத்தியே பேசிட்டிருந்தா" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். வசந்தாமணி நூலகத்துக்குள் வந்து நின்றாள்.

"ஏனுங்க மிஸ், படிக்கத்தானுங்க கொண்டாந்து உட்டோம். கதைப் பொஸ்தகத்தக் குடுத்து எம்புள்ளயத் தொலைச்சுப்போட்டீங்களே!"

கமலவேணி கேட்டுக்கொண்டிருந்தது வேறொரு குரலை, தன் குரலையே. உங்கப்பாகிட்டயே போய்க் கேளு. சலிப்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னது. அந்தப் 'போய்' என்ற சொல்லை ஒருத்தி அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"உங்க ஊட்டுக்காரரு இப்ப எங்கீங்க பாய்ண்ட் போடறாரு?" என்று கேட்டாள்.*

"அயோத்தியாப்பட்டணம் தாண்டிங்க, ஒரு தென்னந்தோப்புல. போனடிச்சா எடுக்கறதில்லீங்க. மிசினு ஓடறப்ப அவருக்கு ஒண்ணும் கேக்காது."

"பாப்பாவுக்கு எடம் தெரியுமுங்களா?"

"போன்ல பேசறப்ப அவகிட்டயும் சொன்னாருங்க."

"அப்ப அங்கதான் போயிருப்பா. நாந்தானுங்க போகச் சொன்னேன்."

ஒரு வரைவில் வசந்தாமணி இவளைக் கன்னத்தில் அறைகிறாள். இன்னொன்றில் கையெடுத்துக் கும்பிடுகிறாள். இரண்டும் ஒட்டவில்லை. வசந்தாமணி ஸ்கூட்டிச் சாவியைத் தேடி எடுத்தாள். "வாங்க. வந்து ஏறுங்க" என்றாள்.

* துளை போடக் குறித்த இடத்துக்குப் பாய்ண்ட் என்று பெயர். துளை போடுவதற்கும் அதே பெயர்தான்.

4

சேலத்தைத் தாண்டும் வரை வசந்தாமணி வண்டியை எங்கும் நிறுத்தவில்லை. மாசி வெயில் முகத்தில் அடித்தது. ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த கமலவேணி, சாலையோரம் நின்ற ஒவ்வொரு சீருடையையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றும் யுவஸ்ரீ இல்லை. அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால், தென்னைகளுக்கு மேலே வெள்ளையாகப் புழுதி எழும்பி நின்றது தெரிந்தது. வசந்தாமணி வண்டியை இன்னும் முறுக்கினாள்.

யுவஸ்ரீ அங்கே இருந்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டவுன் பஸ்ஸாகவே மாறி மாறி வந்திருக்கிறாள். சீருடை, தலை, புருவம் எல்லாம் கல்பொடி. துளையிலிருந்து வந்து குவிந்த பொடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வசந்தாமணி வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட இல்லை, கமலவேணி இறங்கியதும் கீழே போட்டுவிட்டு ஓடினாள். மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்தப் பொடியிலேயே உட்கார்ந்து, அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா மருதாசலம் ரிக்கின் கைப்பிடியைப் பிடித்து நின்றார். பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. என்ன, என்ன என்று கையால் கேட்டார். மனைவி கையாலேயே திட்டினாள். ஒரு குடும்பம் ஒரு சத்தமும் கேட்காமல் சண்டை போட்டதை, ஓரமாக நின்ற தோப்புக்காரரும் வேலையாட்களும் பார்த்தார்கள்.

துளைக்குள் இறக்கும் அடுத்த ராடு மாட்டுவதற்காக இயந்திரம் நின்றது. மருதாசலம் இறங்கி ஓடிவந்தார்.

"அம்மா ரோட்டுக்கடைல டீ குடிச்சிட்டிருக்குதுன்னு சொன்னாளே! நீ கூட்டியாந்தேன்னுதான நெனச்சேன்!"

"காலைலருந்து போலீசு தேடுது, தெரியுமா உனக்கு?"

அவர் மகளைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து அவள் முகத்துப் பொடியைத் துடைத்தார். துண்டிலும் பொடிதான். வெள்ளை இன்னும் அப்பிக்கொண்டது.

கமலவேணி பள்ளிக்குப் போன் செய்து, பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று சொன்னாள். திரும்பியபோது யுவஸ்ரீ எதிரே நின்றாள். அழுது முடித்திருந்தாள்.

"மிஸ், அந்தப் பொஸ்தகத்துல தப்பாப் போட்டிருக்குதுங்க."

"என்ன சாமி?"

"கீழ போகப் போகக் குளுகுளுன்னு இருக்கும்னு போட்டிருக்குதுங்க. கையக் காட்டுங்க."

நீட்டிய கையில் கல்துணுக்குகளைக் கொட்டினாள். சுட்டது.

இத்தனை வருடமாக, படித்துவிட்டுத் திருப்பித் தரும் பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: 'நல்லா இருந்துச்சு மிஸ்.' தப்பு என்று சொல்ல, நாலு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவந்து சொல்ல, யாரும் இருந்ததில்லை. கமலவேணிக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தச் சந்தோஷத்துக்காக இன்று அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாமே என்றும் நினைத்தாள். துணுக்குகளைக் கீழே போடாமல் மூடிப் பிடித்துக்கொண்டு, ஒரு தென்னையில் சாய்ந்தாள்.

அந்தத் துளையில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. (வந்ததாக எழுத ஆசைதான்.)

5

அடுத்து நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். யுவஸ்ரீயைப் பெற்றோர் விடுதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டிலிருந்தே அரசுப் பள்ளிக்குப் போகிறாள். தாளாளர் கமலவேணியிடம் கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார்: 'எட்டாம் வகுப்புக்கு மேல் யாருக்கும் கதைப் புத்தகம் தர மாட்டேன்.'

"எனக்கும் இது புடிக்கலீங்க மேடம்" என்றார். "ஆனா அன்னிக்கு அந்தப் புள்ள கெடைக்காமப் போயிருந்தா? நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்?"

கமலவேணி கையெழுத்துப் போட்டாள். போடாமல் வெளியே நடப்பதாக எழுதியிருந்தால் நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். அவளுக்கு அடுத்த மாதச் சம்பளம் வேண்டும்.

6

முடிவுக்கு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் யுவஸ்ரீ வளர்ந்து ஆளாகிப் பாறைகளை ஆராய்கிறாள், மேடையேறி ஒரு நூலகருக்கு நன்றி சொல்கிறாள். இதழ் நண்பருக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதைப் போட்டால், எந்தப் பிள்ளையும் விடுதியை விட்டு ஓடலாம், எல்லாம் நல்லபடி முடியும் என்று ஆகிவிடும். இன்னொன்றில் அவள் கிடைப்பதே இல்லை. அதைப் போட்டால், தாளாளர் இந்தக் கதையை நகலெடுத்து எல்லாப் பள்ளி நூலகத்திலும் ஒட்டிவிடுவார். இரண்டையும் விட்டுவிட்டேன். இந்தக் கதையைப் படிக்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்கவும் போவதில்லை.

மிச்சம் இருப்பது இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருச்செங்கோடு பேருந்து நிலையம். கமலவேணிக்கு அபூர்வமாக உட்கார இடம் கிடைத்திருந்தது. வெளியிலிருந்து சன்னலைத் தட்டினாள் யுவஸ்ரீ. புதுச் சீருடை.

"மிஸ்! நாயித்துக்கெழம ஆத்தூர்ப் பக்கம் பாய்ண்டுங்க. அப்பாவே கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு, அம்மாவும் வருது. ஆயிரத்தி இருநூறு அடி போவாங்களாம். நீங்களும் வாரீங்களா?"

பிள்ளைகளைச் செவ்வாய்க்கும் தீவுக்கும் அனுப்பியே வயதானவள் கமலவேணி. அவளை எங்கேயாவது வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஞாயிறு ஒருநாள்தான் அவள் கால் நீட்டிப் படுக்கிற நாள்.

'வாரேன் சாமி' என்று எழுதினேன். அவள் முகத்துச் சோர்வைப் பார்த்துவிட்டு அடித்தேன். 'இன்னொரு நாளைக்குப் பாக்கலாம் சாமி' என்று எழுதினேன். வெளியே நிற்பவளைப் பார்த்துவிட்டு அதையும் அடித்தேன்.

நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். வண்டி நகர்கிறது. யுவஸ்ரீ சன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே வேகமாக நடக்கிறாள். எனக்கு அதற்கு மேல் எழுத்து ஓடவில்லை. கமலவேணி வாயைத் திறக்கிறாள். அவள் சொல்வதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளை கம்பியை விடுவதற்குள்.