சிரித்த டாக்டர் மேல் ஒரு புகார்

மாநில மருத்துவர் சங்கத்தில் பதினோராயிரம் டாக்டர்கள் உறுப்பினர்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு அக்கா. எழுபது தாண்டிய இதய டாக்டர்கூட போனில் "அக்கா, நான்தான்" என்றுதான் ஆரம்பிப்பார். ஐம்பத்து நான்கு வயது அக்காவுக்கு முதலில் இதில் கொஞ்சம் கோபம் இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அக்கா டாக்டர் இல்லை. ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ரகம். சங்கக் கட்டிடத்தின் முதல் மாடியில் உதவி மேசை என்று ஒரு மேசை, அதன் மேல் ஒரு போன், ஒரு தடி நோட்டு. இருபத்திரண்டு வருடமாக அவளுடைய ராஜ்ஜியம் அவ்வளவுதான். நோயாளியின் உறவினர்கள் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் என்று ஒருவர் கூப்பிடுவார். முப்பது மணி நேரமாக டியூட்டியில் நிற்கவைத்திருக்கிறார்கள் என்று இன்னொருவர் அழுவார். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற ஆட்கள், தங்களுக்கென்று ஒன்று வந்தால் எங்கே போவார்கள்? இங்கேதான்.

எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை காலி என்று ஒரே நம்பரில் தெரிய வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று சங்கம் மூன்று வருடமாக அரசாங்கத்திடம் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தது. ஏற்பாடு வந்தபாடில்லை. அதுவரை அந்த நம்பர் அக்காதான்.

ஒவ்வொரு போனையும் மணி போட்டு நோட்டில் எழுதிவிடுவாள். விஷயத்தை மட்டும் எழுதினால் பரவாயில்லை, "டாக்டர் பெருமூச்சு விட்டார்", "டாக்டர் கோபமாக வைத்துவிட்டார்" என்பதையும் விடமாட்டாள். சங்கத் தலைவர் ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குக்கா?" என்று கேட்டார்.

"நீங்கல்லாம் நோயாளியப் பத்தி எழுதறீங்க. உங்களப் பத்தி யாராவது எழுத வேண்டாமா?" என்றாள் அக்கா. தலைவர் நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த டாக்டர் மேலாவது புகார் வந்து மருத்துவக் கவுன்சில் விசாரணைக்குக் கூப்பிட்டால், அவரைத் தனியாக விடமாட்டார்கள். வக்கீல் ஒரு பக்கம் இருப்பார், இன்னொரு பக்கம் சங்கத்திலிருந்து ஒரு டாக்டர் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலி என்று அதற்குப் பெயர். அவர் வாயைத் திறக்கக் கூடாது, அது கவுன்சில் விதி. "தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்கலாம். யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது அக்கா.

அந்தச் செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே இரண்டு ஆவணம். ஒன்று, கவுன்சில் அனுப்பிய புகாரின் நகல். இன்னொன்று ஒரு கேஸ் ஷீட். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தாள்.

"நோயாளி: நான். வயது 51. தொழில்: குழந்தை மருத்துவம், மலையூரில் தனி கிளினிக், பத்தொன்பது வருடம். குறை: ஆறு வயதுப் பெண் குழந்தையைக் காக்கவைத்துவிட்டு நாற்பது நிமிடம் போனில் பேசியது. பரிசோதனை: தூக்கமின்மை, பசியின்மை. முடிவு: கவனக்குறைவு. சிகிச்சை: குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், கிளினிக்கை மூடுதல். குறிப்பு: பக்கத்து நாற்காலிக்கு யாரையும் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர்களிடம் நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றால் நீட்டி முழக்குவார்கள், அல்லது ஒரே வரியில் முடிப்பார்கள். தனக்குத்தானே கேஸ் ஷீட் போட்டு, தானே நோயைக் கண்டுபிடித்து, தானே மருந்தும் எழுதி அனுப்பிய ஆளை அவள் அன்றுதான் பார்த்தாள்.

பிறகு புகாரைப் படித்தாள். எழுதியவர் குழந்தையின் அப்பா, லாரி டயர்க் கடை வைத்திருப்பவர். கோபத்தில் எழுதியிருந்தாலும் கோர்வையாக எழுதியிருந்தார். போன வருடம் ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலை மகளுக்கு மூச்சுத் திணறல். டாக்டர் பார்த்தார், ஆக்சிஜன் வைத்தார், நர்ஸைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள் அறைக்குப் போய்விட்டார். யாருடனோ போன். நடுவில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பவும் போன். "கடைசியில் உள்ளேயிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் மகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தார். பிறகு வெளியே வந்து, நகரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். என் மகள் பிழைத்தது தெய்வச் செயல். இந்த ஆளுக்கு டாக்டர் என்கிற பெயர் வேண்டாம்."

இதோடு குழந்தையின் கேஸ் ஷீட் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, கொடுத்த மருந்து, எல்லாம் கச்சிதம். கடைசியில் ஒரே ஒரு சொல்: "ரெஃபர்டு." வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டது என்று அர்த்தம். நாற்பது நிமிடத்துக்கும் அவ்வளவுதான் கணக்கு.

அக்கா போனை எடுத்தாள். மலை டாக்டர் பயந்த சுபாவம், அதிர்ந்து பேசாத மனிதர். பத்தொன்பது வருடத்தில் சங்கத்துக்கு இரண்டு தடவைதான் கூப்பிட்டிருப்பார்.

"டாக்டர், நான் சங்கத்துலேருந்து பேசறேன். அந்த நாப்பது நிமிஷம் யார்கூடப் பேசினீங்க?"

"அது எதுக்குக்கா இப்ப? காக்கவச்சது காக்கவச்சதுதானே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிங்ககூடத்தான். படுக்கை தேடினேன். இங்க உள் அறை ஜன்னல்கிட்டதான் சிக்னல் கிடைக்கும். மொத ரெண்டு இடத்துலயும் இல்ல. மூணாவதுலதான் கிடைச்சுது."

"இத ஏன் எழுதல?"

"கேஸ் ஷீட்ல குழந்தையப் பத்தித்தானேக்கா எழுதணும்? நான் என்ன பண்ணேன்னு எங்க எழுதறது? அதுக்கு இடமே இல்லையே."

அக்காவுக்குக் கோபம் வந்தது. இந்தப் பதினோராயிரம் பேருக்கும் இதே வியாதிதான். உயிரைக் கொடுத்து ஓடுவார்கள், ஓடியதை ஒரு சொல்லில் அடைத்துவிட்டு அடுத்த சீட்டை எடுப்பார்கள். பிறகு யாராவது கேட்டால், ஆமாம் தப்புதான் என்று தலையைக் குனிவார்கள்.

"அந்த ஆஸ்பத்திரி நம்பரெல்லாம் யாரு போட்டுக் கொடுத்தா?"

"சங்கத்துலதான் யாரோ ஒருத்தங்க. இருந்த பதட்டத்துல குரல்கூடக் கவனிக்கல. லைன்லயே இருந்தாங்க, பாவம், கடைசி வரைக்கும்."

"அந்த யாரோ ஒருத்தங்க நான்தான் டாக்டர்," என்றாள் அக்கா. "வைங்க போனை. நாற்காலியப் பத்தி நான் பாத்துக்கறேன்."

ஒரு நாளைக்கு நாற்பது போன் எடுக்கிறவளுக்குப் பதினாலு மாதத்துக்கு முந்தைய ஒரு காலை எப்படி நினைவிருக்கும்? ஆனால் பீரோவில் நோட்டு இருந்தது. நாற்காலியைப் போட்டு ஏறி, தூசி தட்டி, ஆகஸ்ட் பதினேழைக் கண்டுபிடித்தாள். நின்றபடியே படித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது நாற்காலியிலிருந்து இறங்கவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

அடுத்த பத்து நாளில் சங்கத்து வக்கீல் பதில் எழுதினார், அக்காவைச் சாட்சியாகச் சேர்த்தார். பக்கத்து நாற்காலிக்கு ஆள்தான் அமையவில்லை. போகவேண்டியவருக்கு அன்றைக்கென்று அவசர ஆபரேஷன். வருகிறேன் என்று வந்து நின்றவர் எலும்பு டாக்டர். சங்கத்தில் அவரை லொடலொட என்றுதான் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுத்த நோயாளியிடம்கூடப் பேசிக்கொண்டே ஆபரேஷன் செய்கிறவர்.

"பேசக் கூடாது, தெரியுமில்ல?" என்றாள் அக்கா.

"ஏன்க்கா, என்னைப் பாத்தா அவ்வளவு வாயாடியாவா தெரியுது? போன மாசம் ஒரு கல்யாணத்துல..." என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் பாதியில் விழுங்கினார்.

விசாரணை அறை பெரிதாக இல்லை. நீள மேசையின் ஒரு பக்கம் கவுன்சில் உறுப்பினர்கள் மூன்று பேர், நடுவில் தலைமை வகிக்கும் நரைமுடி அம்மா. இந்தப் பக்கம் மலை டாக்டர், வக்கீல், பக்கத்து நாற்காலியில் லொடலொட. எதிரே டயர்க் கடைக்காரர் தனியாக, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, விரல்களைப் பின்னியபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நாற்காலி எதுவும் இல்லை. அக்கா அதைக் கவனித்தாள்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா டாக்டர்?" என்று தலைமை அம்மா கேட்டார்.

"என் தப்புதான்," என்றார் மலை டாக்டர். வக்கீல் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார், பலனில்லை. "வெளிய வந்து சொல்லிருக்கணும். படுக்கை கிடைக்குமான்னே தெரியாம அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு... சொல்லல."

லொடலொடவுக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றுதான் அக்கா கண்ணால் பார்த்தாள். மனிதர் உதட்டைக் கடித்தார், மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார், மறுபடி ஊற்றிக் குடித்தார். டாக்டருக்காக வைத்த ஜாடி பாதியானது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் நோட்டைப் பிரித்து, மார்க்கெட் சீட்டைப் படிக்கிற குரலில் படித்தாள்.

"பத்து பதினாலு. மலை டாக்டர். பெண் குழந்தை, ஆறு வயசு, மூச்சுத் திணறல். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் படுக்கை வேண்டும். பத்து பதினேழு. பெரிய ஆஸ்பத்திரி, படுக்கை இல்லை. டாக்டர் கெஞ்சினார். பத்து இருபத்தஞ்சு. ரெண்டாவது ஆஸ்பத்திரி, காத்திருக்கச் சொன்னார்கள். டாக்டர் குழந்தையைப் பார்க்கப் போய் வந்தார். பத்து முப்பது. மறுபடி போய் வந்தார். பத்து முப்பத்தாறு. ரெண்டாவதும் இல்லை. டாக்டர் ஒன்றும் பேசவில்லை. பத்து முப்பத்தெட்டு. மூன்றாவது ஆஸ்பத்திரி. குழந்தையின் பெயரைக் கேட்டார்கள், டாக்டர் மூன்று தடவை சொன்னார்."

அவள் ஒரு கணம் நிறுத்தினாள். இருபத்திரண்டு வருடத்தில் தான் எழுதியதை இப்படி நாலு பேர் முன்னால் படித்ததில்லை.

"பத்து ஐம்பத்திரண்டு. படுக்கை உண்டு. ஆம்புலன்ஸ் கிளம்புகிறது. டாக்டர் சிரித்தார்."

டயர்க் கடைக்காரர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மலை டாக்டரைப் பார்த்தார்.

"அந்தச் சிரிப்பா அது?" என்று கேட்டார். "பதினாலு மாசமா என் காதுலயே நிக்குது டாக்டர். கடையில ஸ்பேனரக் கையில எடுத்தா அந்தச் சத்தம்தான் கேக்கும். என் பொண்ணுக்குப் படுக்கை கிடைச்சுதேன்னா சிரிச்சீங்க?"

மலை டாக்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

டயர்க் கடைக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்போது லொடலொட எழுந்தார். போச்சு, காரியத்தைக் கெடுக்கப்போகிறார் என்றே அக்கா நினைத்தாள். அவர் மீதியிருந்த தண்ணீரைக் கிளாஸில் ஊற்றினார், மேசையைச் சுற்றிக்கொண்டு போனார், அந்த மனிதர் பக்கத்தில் குனிந்தார்.

"தண்ணி வேணுமா?" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் நாற்காலியை இழுத்துவந்து டயர்க் கடைக்காரர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தும்விட்டார். இதற்கு விதியில் என்ன சொல்லியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

புகார் தள்ளுபடி ஆனது. தலைமை அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டாக்டர், அடுத்த தடவை வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. படுக்கை கிடைக்கலன்னாலும் சொல்லுங்க. அதுவும் வைத்தியம்தான்," என்றார். அக்காவிடம் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டார். படுக்கை நம்பருக்குச் சங்கம் கொடுத்த மனுவோடு இதையும் சேர்த்து, கவுன்சில் சார்பில் ஒரு கடிதமும் அனுப்புவதாகச் சொன்னார். மூன்று வருட மனுக்களால் நகராததை ஒரு பக்கம் கொஞ்சம் நகர்த்தியது. அக்காவுக்கு அதில் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வராந்தாவில் லொடலொட ஆரம்பித்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் அடக்கிவைத்ததை வக்கீலிடம் கொட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் படிக்கட்டைத் தேடினார்.

மலை டாக்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். "ஜெயிச்சாச்சு. இன்னும் ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"மூடிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்க்கா. கதவுல ஒட்டறதுக்கு எழுதிக்கூட வச்சிருக்கேன். எதுத்தாப்புல உக்காந்திருக்கறவங்க மனசுல என்ன ஓடுதுன்னே எனக்குத் தெரியல. இனிமே யாரு என்கிட்ட வருவா?"

அக்கா வாயெடுக்கும் முன் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். டயர்க் கடைக்காரர். கண் இன்னும் சிவந்திருந்தது.

"டாக்டர், திங்கக்கிழம கிளினிக் உண்டா?" என்று கேட்டார். "பொண்ணு பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. ஓடலாமா கூடாதான்னு உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் விடணும்னு அவ அம்மா சொல்றா. எனக்கும் அப்படித்தான்."

மலை டாக்டர் அவரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை ஒருதடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உண்டு. ஒம்பதுக்குத் திறப்பேன்," என்றார். "கூட்டம் சேந்துடும், எட்டே முக்காலுக்கே கூட்டிட்டு வாங்க."

அக்கா நோட்டைச் சுவரில் வைத்து, பேனா மூடியைக் கழற்றி, வராந்தாக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து எழுதினாள். பன்னிரண்டு இருபது. மலை டாக்டர். திங்கட்கிழமை கிளினிக் உண்டு.