பாறைக்கு இந்தப் பக்கம்

விடியற்கால ஜெபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள். பியோன் போதகர் விளக்கை அணைத்துவிட்டு "கர்த்தாவே" என்று மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டதும், கரிவண்டியைக் கவிழ்த்தது மாதிரி அத்தனை குரலும் ஒன்றாகச் சரியும். ஒருத்தி எதைச் சொல்லி அழுகிறாள் என்பது பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. அதில்தான் சௌகரியம். கடனையும் மாமியாரையும் குடிகாரப் புருஷனையும் தைரியமாக ஆண்டவரிடம் சொல்லலாம். மல்சுன் மட்டும் தன் ஜெபத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, குனிந்த தலையோடு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மனிதர்கள் இருட்டில் என்ன கேட்கிறார்கள் என்று அறியும் ஆசை அவளுக்கு அடங்குவதில்லை.

அன்றைக்கு முன்வரிசையிலிருந்து டோஃபு விற்கும் போங்நேயின் குரல் மற்ற குரல்களைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ஆண்டவரே, பாறைக்குப் பின்னால மாட்டிக்கிட்ட தொக்பேயக் கைவிட்றாதேயும். அவனுக்குக் குடிக்கத் தண்ணி குடும். அவன் வெளக்கு அணையாம பாத்துக்கிடும்."

மல்சுன் சட்டென்று தலையைத் தூக்கினாள். தொக்பே என்று ஒருவன் இந்தக் குமுன் சுரங்க ஊரில் இல்லை, வேறெந்த ஊரிலும் இல்லை. சுரங்கத்துக் கரி ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்று கல் பொறுக்கும்போது அவளே மனசுக்குள் உண்டாக்கிய ஆள் அவன்.

சபையின் வாரத்தாளில் கடைசிப் பக்கம் சாட்சிக்கென்று இருந்தது. தலைவலி போன சாட்சி, மகன் பரீட்சை தேறிய சாட்சி, நிலத் தகராறு தீர்ந்த சாட்சி. கேட்டது கிடைத்தவர்கள் எழுதினார்கள். ஒருநாள் மல்சுன் போதகரிடம், "கெடைக்காதவங்க எதை எழுதுறது, ஐயா?" என்று கேட்டாள். அவர் வயதில் சின்னவர், பட்டணத்துக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர். "நீங்களே எழுதிப் பாருங்களேன்" என்றார். அப்படித்தான் தொக்பே பாறைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தான். சுரங்கத்தின் கூரை விழுந்து வழி அடைத்துவிட்டது, அவன் சாகவில்லை, காத்திருக்கிறான். குளிர்காலம் முழுக்க, வாரம் அரைப்பக்கம், அவன் காத்திருந்தான். அவளுடைய புருஷன் இப்படியெல்லாம் காத்திருந்ததில்லை. அவன்மேல் பாறை விழுந்ததும் உயிர் போனதும் ஒரே நேரம். கம்பெனி அவளுக்கு பெல்ட்டில் வேலை போட்டுக் கொடுத்தது. விதவைகளுக்கு அந்த வேலை கிடைக்கும். அதனால் தொக்பேயில் புருஷனைத் தேடாதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஜெபம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது போங்நேயை மடக்கினாள்.

"அக்கா, தொக்பே கதையில வர்ற ஆளு."

"எனக்குத் தெரியாதாக்கும். நீதானே எழுதுற."

"அப்ப எதுக்கு ஜெபம்?"

"உள்ள மாட்டிக்கிட்டுத்தானே இருக்கான்?" போங்நே டோஃபுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "போன ஞாயித்துக்கெழம நீ அவன அழ வச்சுட்ட. எனக்குச் சோறு எறங்கல. கதைக்காரனுக்கு ஜெபம் பண்ணுனா ஆண்டவர் என்ன, கோவிச்சுக்குவாரா? அவனுக்கு வேணாம்னா வேற யாருக்காச்சும் குடுத்துட்டுப் போறாரு. வீணாவா போகும்?"

மல்சுன்னுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பெல்ட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பேச்சு அவள் கூடவே வந்தது.

பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். கரி ஓடிக்கொண்டே இருக்கும். கல்லையும் உடைந்த மரத்துண்டையும் அதிலிருந்து பொறுக்கிப் பின்னால் எறிய வேண்டும். முகத்துணிக்கு மேலே கண் மட்டும் தெரியும். கண்ணை வைத்தே யார் என்று சொல்லிவிடலாம். மல்சுன்னுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓக்சிம்தான் நிற்பாள். அவள் விதவை இல்லை. அவள் புருஷன் சுபோக்குக்கு நெஞ்சு முழுக்கக் கரித்தூசி அடைத்து, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மூன்றாவது வருஷமாகக் கிடக்கிறார். முன்பு அவர் மீட்புக்குழுவில் இருந்தவர். பாறை விழுந்தால் எல்லாரும் வெளியே ஓடுவார்கள், அவர் உள்ளே ஓடுவார்.

"காலையில தொக்பேக்கு ஜெபம் பண்ணுனாங்களாமே" என்றாள் ஓக்சிம். கை நிற்கவில்லை.

"போங்நே அக்கா ஏதோ…"

"அவ மட்டுமா? நேத்து வட்ட ஜெபத்துல ரெண்டு பேரு அழுதாளுக." ஒரு பெரிய கல்லை எடுத்துப் பின்னால் வீசினாள். "நீ மையில ஒருத்தனப் பண்ணுன. ஊரே அவனுக்காக முட்டி போடுது. என் வீட்டுக்காரருக்கும் ஒரு பேரு இருக்கு, மல்சுன். அந்தப் பேர அந்தக் கோயில்ல சொல்லிக் கேட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?"

மல்சுன் ஒரு மரத்துண்டைப் பொறுக்கி எறிந்தாள்.

"மொத வருஷம் கூட்டமா வந்தாங்க, ஆரஞ்சுப்பழம் தூக்கிட்டு. சாகவும் இல்ல, எந்திரிக்கவும் இல்ல. சலிச்சுப் போச்சு. நான் யாரையும் கொற சொல்லல, எனக்கே சலிப்பாத்தான் இருக்கு. ஆனா இனிமே நான் கோயிலுக்கு வரல. ஒங்க தொக்பேய நீங்களே காப்பாத்துங்க."

இனி வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள் என்பது மல்சுன்னுக்கு நிச்சயம். ஓக்சிம் சொன்னதைச் செய்கிறவள். ஒரு ஞாயிறு வராதவள் மறு ஞாயிறும் வரமாட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அவளுக்கு வேறு மனுஷ முகமே இல்லாமல் போய்விடும். இப்படிப் போனவர்களை மல்சுன் பார்த்திருக்கிறாள். அவர்கள் திரும்பி வந்து பார்த்ததில்லை.

ஆனால் அவளை அரித்தது குற்ற உணர்ச்சி என்று சொல்ல முடியாது. கையில் அகப்பட்ட வினோதக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல அவள் அதைப் பார்த்தாள். இல்லாதவனுக்கு வருகிற கண்ணீர் இருப்பவனுக்கு ஏன் வரவில்லை? போங்நே கல்நெஞ்சுக்காரி இல்லை. மிச்சமாகும் டோஃபுவைக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவள். பிறகு ஏன்? தொக்பேக்கு அடுத்த ஞாயிறு ஒன்று இருக்கிறது, என்ன ஆகுமோ என்று இருக்கிறது. சுபோக்குக்கு என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததற்கு யார் அழுவார்கள்? மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குக் கதை வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் சுபோக்குக்கு யாராவது கதையைக் கொடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் போதகர் வாரத்தாளை அச்செடுப்பதற்காக மெழுகுத்தாளில் எழுத்தாணியால் கீறிக்கொண்டிருந்தார். ஈஸ்டர் நெருங்குகிறது, அன்றைக்குத் தொக்பேயை வெளியே கொண்டுவந்துவிடலாமே, பொருத்தமாக இருக்குமே என்றார்.

"பொருத்தமாத்தான் இருக்கும். ஆனா யாரு ஐயா தோண்டுவா? இவ்வளவு நாளா உள்ள இருக்கிறவனப் பத்தியே எழுதிட்டேன்." அவள் தன் எண்ணத்தைச் சொன்னாள்.

அவர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். "உயிரோட இருக்கிறவர் பேரு. அவரைக் கேக்காமப் போட முடியாது."

"அதுக்குத்தான் நாளைக்கு லீவு போட்டுருக்கேன்."

ஆஸ்பத்திரியில் சுபோக் தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் அவர் படுப்பதே இல்லை. மூக்கில் குழாய். கட்டிலுக்குக் கீழே அவருடைய சப்பாத்து சுவரைப் பார்த்துக் கிடந்தது, மேலே தூசி. அவளைக் கண்டதும் அவர் கண் விரிந்தது.

"அடேயப்பா… எழுத்தாளரம்மா!"

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"என் பொண்டாட்டி… முள்ளங்கி ஊறுகாய… அந்தத் தாள்லதான் சுத்திக் கொண்டாருவா." ஒவ்வொரு சில சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினார். "பாதி கறை. இருந்தாலும்… படிச்சிருவேன். பக்கத்துக் கட்டில்காரனும் படிப்பான். ஒண்ணு கேக்கவா? உள்ள மாட்டுனவன் எவன் அரைப்பக்கத்துக்கு ஜெபம் பண்றான்? 'ஐயோ ஆண்டவரே'… அதோட சரி. அப்புறம் பொண்டாட்டியத் திட்டுவான். காலையில ஏன் சண்ட போட்டாள்னு."

மல்சுன் சிரித்துவிட்டாள். கேட்க வந்ததைக் கேட்டாள். அவர் பேரைப் போட்டால் சபை அவரை மறக்காது என்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஓக்சிம் சொன்னதையும் மறைக்கவில்லை.

சுபோக் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "அப்ப பரிதாபத்துக்குக் கூப்புடுற."

"ஆமா. வேற எதுக்குன்னு சொன்னாலும் நம்ப மாட்டீங்களே."

இப்போது அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, முகம் கறுத்து, நர்ஸ் ஓடி வந்து அவளை முறைத்துவிட்டுப் போனாள். அடங்கியதும் அவர் விரலை ஆட்டினார். "என்னைய உள்ள போட்றாத. உள்ள இருந்தது போதும்."

"அப்ப எங்க?"

"வெளிய. பாறைக்கு இந்தப் பக்கம். நான் தோண்டுறேன்."

மெழுகுவத்தியை ஊதி அணைக்க முடியாத மனுஷன் அதைச் சொன்னார். மல்சுன் அவர் கைகளைப் பார்த்தாள். தோலுக்கு அடியில் கரி நீலப் புள்ளிகளாக உறைந்திருந்தது, விரல்கள் கட்டிலின் கம்பியை மண்வெட்டிப் பிடி போலப் பிடித்திருந்தன.

"அவன் உசிரோட இருக்கான்னு… நான் எப்படித் தெரிஞ்சுக்குவேன்? அத எழுதணும்ல. காத்துக்குழாய் ஓடும், உள்ள வரைக்கும். அதத் தட்டுவோம். தட்டிட்டு… காத வச்சுக் கேக்கணும்." மேசையிலிருந்த கரண்டியை எடுத்து, சுவரோரமாக வார்டிலிருந்து வார்டுக்குப் போகும் வெந்நீர்க் குழாயில் மூன்று தட்டு தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. "இப்படித்தான். மொத நாள் பதில் வராது. தட்டிக்கிட்டே இருக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளில் தொக்பே நாலே வரி வந்தான். மீதியெல்லாம், குடும்பப் பேரோடு முழுப்பேராக, சோன் சுபோக். மூச்சு வாங்க வாங்கத் தோண்டினார், நின்றார், தட்டினார், மறுபடியும் தோண்டினார். ஓக்சிம் சபைக்கு வரவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் குரல்கள் சரிந்தபோது, "ஆண்டவரே, சுபோக்குக்கு மூச்சக் குடும்! அவரு நின்னுட்டா அந்தப் பய கதி என்னாகும்!" என்று போங்நே கத்தினாள். இன்னொரு மூலையிலிருந்தும் அந்தப் பேர் எழுந்தது. மல்சுன் அன்று தன் இரண்டு வாக்கியத்தையும் மறந்துபோனாள்.

பெல்ட்டில் ஓக்சிம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சங்கு ஊதின பிறகு, முகத்துணியை அவிழ்த்துக்கொண்டே, "அவர ஏன் தோண்ட விட்ட?" என்றாள்.

"அவரு கேட்டாரு."

"என்கிட்ட இந்த மூணு வருஷத்துல ஒண்ணும் கேட்டதில்ல." குரலில் கோபமா வேறெதுவுமா என்று பிடிபடவில்லை. துணியை உதறினாள். கரி பறந்தது. "போங்நே அக்கா எங்கிட்ட வந்து விசாரிக்குது, எவ்வளவு தூரம் தோண்டிருக்காருன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"ஞாயித்துக்கெழம நீ போறப்ப அதையும் கூட்டிட்டுப் போ. அவர்கிட்டயே கேக்கட்டும்."

போங்நே தனியாக வரவில்லை. மத்தியான பஸ்ஸில் சபைப் பெண்கள் நாலைந்து பேர் ஏறிவிட்டார்கள். ஒருத்தி பன்றிக்கொழுப்பு வறுத்து எடுத்து வந்தாள், நெஞ்சிலிருக்கும் கரித்தூசியைக் கழுவிவிடுமாம். ஓக்சிம் முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து ஊறுகாய் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள். டப்பா பழைய துணியில் சுற்றியிருந்தது. அன்றைய தாள் மடித்தபடி அவள் பைக்குள் தனியாக இருந்ததை மல்சுன் கவனித்தாள்.

வார்டில் போங்நே கும்பிடவில்லை, நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கட்டிலின் முன் நின்று, "என்னய்யா, எவ்வளவு தூரம்?" என்றாள்.

சுபோக் பெண்டாட்டியைப் பார்த்தார், மல்சுன்னைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. போன வாரத்தைவிட உதடு நீலமாக இருந்தது.

"கல்லு… கெட்டி" என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்கு."

"மெதுவாத் தோண்டு. நாங்க இருக்கோம்ல." போங்நே குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அந்தச் சப்பாத்தை இழுத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் தூசியைத் துடைத்தாள். புருஷன் சுரங்கத்துக்குப் போனால் வாசலில் கிடக்கும் அவன் செருப்பை, அவன் பத்திரமாகத் திரும்பி வர, வீட்டுப் பக்கம் திருப்பி வைப்பது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். அது மூடநம்பிக்கை என்று போதகர் பிரசங்கம் செய்தும் ஒருத்தியும் விடவில்லை. போங்நே சப்பாத்தைக் கதவைப் பார்க்க வைத்தாள். "வீடு அந்தப் பக்கம்ல இருக்கு" என்றாள், யாரும் கேட்காமலே.

ஓக்சிம் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு பையிலிருந்து தாளை எடுத்துப் புருஷனின் போர்வைமேல் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவினாள்.

சுபோக் கரண்டிக்காகக் கையை நீட்டினார். அவளே எடுத்துக் கொடுத்தாள். அவர் குழாயில் மூன்று தட்டு தட்டினார். போன தடவையைவிட மெதுவாக. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

எங்கிருந்தோ, கட்டிடத்தின் அந்தக் கோடியிலிருந்து, மூன்று தட்டு திரும்பி வந்தது.

போங்நே மல்சுன்னின் கையைப் பிடித்தாள். "யாருடி அது?"

எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள், எழுதுகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்பது போல. மல்சுன்னுக்குத் தெரியவில்லை. அவள் முழங்காலிட்டு, தலைத்துணியை விலக்கி, வெதுவெதுப்பான குழாயின்மேல் காதை வைத்தாள்.