ரொஹேலியோவின் பளபளத்த முற்றம்

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்து வெயில் காலையிலேயே தார்ச்சாலையைப் பாகாக உருக்கிக்கொண்டிருந்தது. ரொஹேலியோ இலை ஊதும் இயந்திரத்தோடு முற்றத்தில் நின்றார். அவர் கிளப்பிய புழுதி மெக்ஸிகோ எல்லையையே தாண்டியிருக்கும்!

இன்று பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கிரெட்சன் வருகிறாள். இந்தப் பாலைவன நகரத்தில் எந்த உயிர் எப்படிப் பிழைக்கிறது என்று ஆண்டுக்கணக்காக நடக்கும் ஆய்வில் அவர் முற்றமும் உண்டு. அந்தத் தெருவில் வேறு யாருக்கும் கிடைக்காத பெருமை அது. போன வாரம் அவள் மண்ணில் வாய் திறந்த டப்பாக்களைப் புதைத்துவிட்டுப் போனதுமே ரொஹேலியோ பூச்சிமருந்துக்காரரை வரவழைத்து, டைனோசரே எழுந்து வந்தாலும் மயங்கி விழும் அளவுக்கு அடிக்கச் சொன்னார்.

கிரெட்சன் வந்து ஒவ்வொரு டப்பாவாக எட்டிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

“சார், எறும்பெல்லாம் எங்கே?”

“ஒண்ணு விடலைம்மா!” ரொஹேலியோ நெஞ்சை நிமிர்த்தினார். “தேள், சிலந்தி, வண்டு, எல்லாம் காலி. படிச்ச பொண்ணு வர்ற இடம் குப்பையா கிடந்தா நல்லாவா இருக்கும்?”

அவள் திருதிருவென விழித்தாள். ஏன் விழிக்கிறாள் என்று புரியாமல் அவரும் விழித்தார்.

மனைவி அம்பாரோ தலையில் அடித்துக்கொண்டாள். “ஏய்யா, அந்தப் பொண்ணு பார்க்க வந்ததே பூச்சியைத்தானே!”

“அப்போ... என் முற்றத்தை ஆய்விலேருந்து தள்ளிடுவீங்களா?” என்றார் ரொஹேலியோ.

“இல்லை சார். மனுஷங்க செய்யறதும் ஆய்வுலதான் வரும். மருந்து அடிச்சா என்ன மிஞ்சும்னு காட்ட இனிமே உங்க முற்றம்தான் உதாரணம்.”

“இது பாராட்டா, திட்டா?”

“அதைப் போய் அந்தக் காடைகிட்ட கேளுங்க,” என்றாள் அம்பாரோ. “நம்ம மரத்தடியில மேஞ்சது, தின்னப் பூச்சி இல்லாம குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோயிடுச்சு.”

ரொஹேலியோ மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அசிங்கம் என்று அவர் ஊரெல்லாம் குறை சொன்ன முற்றம் அது. அங்கே சருகைக் கிளறிக் கிளறிக் காடைக் குஞ்சுகள் பூச்சிகளைக் கொத்திக்கொண்டிருந்தன. திரும்பித் தன் முற்றத்தைப் பார்த்தார். பளபளத்தது. ஒரு ஈகூட இல்லை.

மருந்துக்காரருக்குப் போன் போட்டார். “இனிமே வராதீங்க தம்பி... தேளா? செருப்பை உதறிட்டுப் போட்டுக்கறேன். நமக்குப் பிடிக்காத உயிருக்கும் இந்த மண்ணுல பங்கு இருக்கு. அதையெல்லாம் கொன்னுட்டு அதுக்குச் சுத்தம்னு பேர் வெச்சிருந்தேன், தம்பி. அது சுத்தம் இல்ல, சுடுகாடு.”