லாரி ரோட்டுக்கு வீக்லி ஆஃப்

என் வீட்டுக்காரர் தூங்குவதற்காக நான் ஒரு ரோட்டையே மூட வைத்தேன். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் எல்லாம் நன்றாகத் தூங்குகிறவர்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸின் வாசலுக்கும் அடுத்த பிளாக்குக்கும் நடுவில் அந்த ரோடு கிடந்தது. நாலு லாரி பக்கத்தில் பக்கத்தில் போகும் அகலம், நடுவில் இடுப்பளவு சுவர். சுரங்கத்தின் பழைய கேட்டு இந்தப் பக்கம் இருந்தபோது போட்டது. கேட்டு இடம் மாறி, டவுன்ஷிப்புக்கு வெளியே புது ரோடும் போட்டாகிவிட்டது. ஆனால் நேராகக் கிடக்கும் ரோட்டை விட்டுவிட்டு எந்த டிரைவர் சுற்றிக்கொண்டு போவான்? ராத்திரி பகல் என்று பார்க்காமல் எங்கள் வாசல் வழியாகவே ஓட்டினார்கள். ஒவ்வொரு லாரிக்கும் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ரோட்டோரம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள். எங்கள் தெருவில் ஒழுங்காகத் தூங்கியவை அவை மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் செங்குட்டுவன் சுரங்கத்தில் மண் ஏற்றிப் போகும் டம்பர் வண்டி ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஏழு மணிக்கு முன்னால் வந்து, நாலு இட்லி தின்று, காதில் பஞ்சு வைத்து, தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு படுப்பார். பத்து மணிக்குள் நாலு தடவை எழுந்து உட்கார்ந்திருப்பார். பதினோரு வருஷமாக இதே கதை.

ரோட்டை மூடுவதற்கு முந்தின ஐப்பசியில், டம்பரை வரிசையில் நிறுத்தியிருந்தபோது ஸ்டியரிங் மேலேயே தூங்கிவிட்டார். ஃபோர்மேன் கதவைத் தட்டி எழுப்பினார். அடுத்த மாதம் மறுபடியும் கண் அசந்தது. இந்த முறை வண்டி தானாக உருண்டு, பள்ளத்தின் ஓரத்தில் குவித்திருந்த மண் கரையில் முட்டி நின்றது. இன்னொரு தடவை நடந்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை விட்டு இறக்கினால் இறக்கட்டும், வேறு வேலை செய்துவிட்டுப் போகிறார். மண் கரை இல்லாத இடத்தில் மூன்றாவது தடவை கண் அசந்தால் நான் என்ன செய்வேன்? அன்றையிலிருந்து எனக்கும் தூக்கம் போயிற்று.

இரண்டு பிளாக்கிலும் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினேன். லாரி ரோடு வேண்டாம், அந்த இடத்தைப் பூங்காவாக்கிக் கொடுங்கள் என்று மனு. டவுன்ஷிப் பொறியாளர் வைத்திலிங்கம் சாரின் மேஜைக்கு எட்டு தடவை போனேன். எட்டாவது தடவை என்னைப் பார்த்ததுமே அவர் கும்பிட்டுவிட்டார்.

"முப்பது நாள் மூடிப் பாக்கலாம்மா. நடுவுல ஒரு நாள் சொல்லாம கொள்ளாம வருவேன். ஜனங்க அங்க இருந்தாங்கன்னா தாரை எடுத்துட்டுப் புல்லு போட்டுடலாம். வெறிச்சோடிக் கெடந்துச்சுன்னா லாரிக்கே திறந்துடுவோம். அப்புறம் என்கிட்ட வரக்கூடாது."

"வர மாட்டேன் சார். கூட்டம் இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2015 ஜனவரி ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, இரண்டு முனையிலும் மணல் நிரப்பிய டிரம் வைத்து ரோட்டை மூடினார்கள். பக்கத்து ஊர் வடக்குத்தில் இருந்த டயர் கடையில் கழித்துப் போட்ட லாரி டயர்களைக் கேட்டு வாங்கி வந்து, மண் நிரப்பி, சாமந்தியும் சிறுகீரையும் போட்டோம். பார்க்கத் திருப்தியாக இருந்தது. இத்தனை நாள் எங்களை ஆட்டி வைத்த டயரில் கீரை முளைக்கட்டுமே!

இனி கூட்டம் வேண்டும். எங்கள் ஊரில் கூட்டம் சேர்க்க ஒரே வழிதான் உண்டு: டூட்டி போட வேண்டும். டைம் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் ஆட்களின் வருகையைக் குறித்து ரிடையர் ஆன கலியன் சாரிடம் போனேன். மனிதருக்குக் கண் பளபளத்தது. ஒரே ராத்திரியில் சார்ட் எழுதிக் கொண்டுவந்தார். ஆறிலிருந்து பத்து ஏ ஷிஃப்ட், பத்திலிருந்து இரண்டு பி ஷிஃப்ட், இரண்டிலிருந்து ஆறு சி ஷிஃப்ட். ஷிஃப்டுக்குப் பன்னிரண்டு பேர். மாற்றிவிட ரிலீவர் வராமல் யாரும் இடத்தை விட்டுப் போகக் கூடாது. கறுப்பு மையில் பெயர்கள், சிவப்பு மையில் கோடுகள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. முழுதாகப் படிக்காமல் கீழே பிரபாவதி என்று கையெழுத்துப் போட்டேன்.

வேலை கனகச்சிதமாக நடந்தது. தை மாத மொச்சையை எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்தே உரித்தோம். நடுச்சுவரில் சாய்ந்து ஆண்கள் பேப்பர் படித்தார்கள். பக்கத்து வீட்டு அன்னமேரி கிழிந்த துணியெல்லாம் கொண்டுவந்து தைத்தாள். கலியன் சார் விசில் ஊதி ஆள் எண்ணினார். ஒரு நாள் அடுத்த பிளாக் அம்சவல்லி அக்காவுக்கு ரிலீவர் வரவில்லை. மூன்று மணி வரை வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, "எனக்கு ஓ.டி. போட்டாத்தான் எழுந்திருப்பேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். கலியன் சாரும் மெய்யாகவே சார்ட்டில் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓ.டி. என்று எழுதிக்கொடுத்தார்.

எல்லாம் சரி. யாருக்காக ரோட்டை மூடினேனோ அவர் மட்டும் தூங்கவில்லை.

மூடிய முதல் வாரமே அவருக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தார். ஜன்னல் ஆடவில்லை, டம்ளர் பேசவில்லை. எனக்கே அந்த அமைதி மயக்கமாக இருந்தது. ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தால், மனிதர் மின்விசிறியைப் பார்த்தபடி கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்.

"என்னங்க, தூங்கலியா?"

"லாரி வரலியே, பிரபா."

"வரக்கூடாதுன்னுதானே மூடுனோம்?"

"மின்னாடி ஒரு லாரி போச்சுன்னா, அடுத்தது வர்றதுக்குள்ள செத்த கண்ண மூடிக்குவேன். இப்ப எப்ப வருமோன்னு காத தீட்டிகினு படுத்துகினு இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பதினோரு வருஷமா லாரி வந்துச்சுன்னு தூங்கல. இப்ப வரலன்னு தூங்கலியா? ஒண்ணு பண்ணட்டுமா, ஒரு லாரிய வூட்டுக்குள்ள வுடட்டுமா?"

பாவம், அவர் சிரித்தார். எனக்கு அழுகையே வந்தது. ஊரைக் கூட்டி, ரோட்டை மூடி, அம்சவல்லி அக்காவை வெயிலில் உட்கார வைத்து, கடைசியில் இதுதானா? யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "குறட்டைச் சத்தத்துல எனக்குத்தான் தூக்கம் இல்ல" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அடுத்த இரண்டு வாரம் அவருக்குப் பகல் வேலை, அதனால் பிழைத்தோம். நாலாவது வாரம் மறுபடியும் நைட் ஷிஃப்ட். திங்கள் தூங்கவில்லை, செவ்வாய் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை கண் இரண்டும் மிளகாய்ப் பழம். சனிக்கிழமை ராத்திரி அவர் சைக்கிளை எடுத்தபோது வாசல் கேட்டு வரைக்கும் கூடவே போனேன். "மண் கரை இருக்கற பக்கமாவே ஓட்டுங்க" என்றேன். இதைவிட அசட்டுத்தனமாக ஒரு பெண்டாட்டி பேச முடியுமா, தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு, பிப்ரவரி ஒன்று. குள்ளஞ்சாவடியில் என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. ஐந்தரை மணிக்கே பட்டுப்புடவை கட்டி, வீட்டைப் பூட்டி, சாவியை அன்னமேரியிடம் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு தின்றுவிட்டு, அவசர அவசரமாகத் திரும்பி வந்து பதினொரு மணிக்கு ஸ்டாப்பில் இறங்கினேன்.

திருப்பத்தில் நின்று பார்த்தால், டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திலிங்கம் சாரின் ஜீப் நிற்கிறது.

ரோட்டில் ஆளில்லை. மொச்சை இல்லை, பேப்பர் இல்லை, விசில் இல்லை. பி ஷிஃப்ட் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தச் சார்ட்டின் கடைசிக் கட்டம் கண்ணுக்குள் வந்து நின்றது. கலியன் சார் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகச் சிவப்பு மையில், அழகான கையெழுத்தில், "வீக்லி ஆஃப்" என்று எழுதியிருந்தார். முப்பத்து நாலு வருஷம் சார்ட் எழுதிய கை, வார விடுமுறை இல்லாமல் ஒரு சார்ட் எழுதுமா? நானும் அதில்தானே கையெழுத்துப் போட்டேன்! மூன்று ஞாயிறு இப்படியே போயிருக்கிறது, ஒருவருக்கும் தோன்றவில்லை. விடுமுறை என்றால் விடுமுறைதான் என்று எல்லாரும் நிம்மதியாக வீட்டில் கோழிக் குழம்பு வைத்திருக்கிறோம்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கமாவது யாராவது இருக்கிறார்களா என்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி ஓடினேன். கீரை டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த அன்னமேரி என்னைப் பார்த்ததும் எழுந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாத அக்கா. அண்ணன் தூங்குது."

அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். சுவரின் மறைவில், வெள்ளைக் கோட்டின் மேல், டூட்டிக்கு வைத்திருந்த கோரைப் பாயை விரித்து, மரத்து நிழலில் என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். காதில் பஞ்சு இல்லை. தலையில் துண்டு இல்லை. யூனிஃபார்ம் சட்டையோடு, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அப்படி ஒரு தூக்கம். கல்யாணம் ஆன புதிதில் பார்த்தது. அதற்கப்புறம் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அன்னமேரி கிசுகிசுத்தாள். "நான் உன் சாவியையும் பையில போட்டுகினே சர்ச்சு பூசைக்குப் போயிட்டேன் அக்கா. அண்ணன் வந்து பாத்துட்டு, நான் வர்ற வரைக்கும் செத்த இப்பிடி சாயலாம்னு படுத்திருக்கும் போல. எட்டு மணிக்கு நான் வந்து பாக்கறப்ப இப்பிடித்தான். எழுப்ப மனசு வரல. அப்பத்துலேர்ந்து காக்கா வெரட்டிகினு உக்காந்திருக்கேன்."

வைத்திலிங்கம் சார் மரத்தடியில் நின்றார். கையில் ஒரு ஃபைல், இன்னொரு கையில் அவருடைய ஷூ. காய்ந்து விழுந்து கிடந்த தூங்குமூஞ்சிக் காய்கள் மிதித்தால் சடசடவென்று உடையும், அதற்காகக் கழற்றியிருக்கிறார்.

"சார், இன்னிக்கு வீக்லி ஆஃப் சார். நாளைக்கு வாங்க, பன்னெண்டு பேர்…" என்று ஆரம்பித்தேன்.

"மெதுவாம்மா." அவரும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார். "ஆஃப்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபைலைத் திறந்து காட்டினார். உள்ளே கலியன் சாரின் சார்ட். கறுப்பு மை, சிவப்பு மை, என் கையெழுத்து, எல்லாம் அப்படியே. கீழே ஒரு வரி: "நகல், தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும், டவுன்ஷிப் பொறியாளர் அவர்களுக்கு." டைம் ஆபீஸ் வழக்கப்படி எந்தச் சார்ட் எழுதினாலும் மேலதிகாரிக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும். அந்த மனிதர் அனுப்பிவிட்டார். யாரை ஏமாற்றச் சார்ட் போட்டோமோ, அவருக்கே!

தார் ரோடு பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"முதல் வாரமே வந்துடுச்சு" என்றார். "டூட்டி போட்டு உக்கார வெச்ச ஆளுங்களை எண்ணி நான் என்னம்மா பண்றது? அதான், டூட்டி இல்லாத நாள்ல யார் வர்றாங்கன்னு பாக்கலாம்னு ஒன்பதரைக்கு வந்தேன். ஒரு ஈ காக்கா இல்ல. சரி, லாரிக்கே திறந்து வுட்டுட வேண்டியதுதான்னு திரும்பி ஜீப்புல ஏறினேன். இந்தம்மா சுவருக்குப் பின்னாலேர்ந்து ஓடி வந்து குறுக்க நின்னு, 'வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, நைட் ஷிஃப்ட் ஆளு தூங்குது'ன்னாங்க. அப்பதான் அவரைப் பாத்தேன்."

"ஒன்பதரையிலேர்ந்தா சார் நிக்கறீங்க?"

"நானும் மைன்ஸ்ல பதினாறு வருஷம் ஷிஃப்ட் பாத்தவன்மா. பகல்ல இப்பிடி ஒரு நாள் தூங்கணும்னு எத்தனை நாள் ஏங்கியிருக்கேன். எப்பிடி எழுப்பறது?"

இந்தத் தடவை நான் அவரைக் கும்பிட்டதை அன்னமேரி இன்றைக்கும் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஃபைலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ஆய்வு நேரத்தில் இருந்தவர்கள் என்ற இடத்தில் "ஒருவர்" என்று எழுதியிருந்தது. "சார், ஒருத்தர்னா போதாதே…" என்று நான் பதறினேன். அவர் பேனாவை எடுத்து, பயன் என்ற இடத்தில் "நல்ல தூக்கம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து ஒரு காய் பாயின் மேல் விழுந்தது. என் வீட்டுக்காரர் புரண்டார். கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தார்.

"பிரபா, லாரி வருதா?"

நான் வைத்திலிங்கம் சாரைப் பார்த்தேன். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"வராதுங்க" என்றேன். "இனிமே வராது. நீங்க தூங்குங்க."

கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த மூச்சிலேயே குறட்டை. இத்தனை நாள் ஊரில் நான் சொல்லி வந்த பொய் உண்மையாயிற்று.

வைத்திலிங்கம் சார் வெறுங்காலோடு ஜீப்புக்கு நடந்தார். டிரைவர் சாவியைத் திருகப் போனதும் கையைப் பிடித்துத் தடுத்து, கியரை நியூட்ரலில் போடச் சொன்னார். பிறகு ஷூவை சீட்டில் போட்டுவிட்டு, ஜீப்பின் பின்னால் வந்து கை வைத்துத் தள்ள ஆரம்பித்தார். அன்னமேரி ஒரு பக்கம் போனாள். நான் வளைகாப்புப் பட்டுப்புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு பக்கம் போனேன். தெருமுனை திரும்பும் வரை, ஒரு சத்தமும் இல்லாமல், மூன்று பேரும் தள்ளிக்கொண்டு போனோம்.